பிதா என்னும் சொல்லும் ரப்பு என்னும் சொல்லும்

காரைக்காலில் நமது வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசித்துவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் காலமானார். கத்தோலிக்கக் கிறிஸ்தவர், நம் இல்லத்துத் திருமணம் எதற்கும் வரத் தவறாதவர். துக்கம் கேட்கச் சென்றபோது அரபுக் கல்லூரி மாணவர்கள் இருவரும் நம்முடன் வந்தனர். கூடத்தில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. இறைவனைத் தந்தையே என விளித்து, இறந்தவரை அவனிடம் ஒப்படைத்து வேண்டினர். அந்த ஒரு சொல் வந்தபோதெல்லாம் அவருடைய துணைவியார் அழுகையை நிறுத்தித் தாமும் அதைச் சொன்னார். திரும்பும் வழியில் மாணவர்களுள் இளையவர், “ஹஜ்ரத், இறைவனைத் தகப்பன் என்று சொல்லும் இடத்தில் நாம் நின்றது சரிதானா?” என்று கேட்டார்.

நின்றது சரியே என்பதற்கு விடை எளிது. ஒரு யூதரின் பாடை தம்மைக் கடந்து சென்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதையும், அது யூதருடையது எனச் சொல்லப்பட்டபோது அதுவும் ஓர் உயிரன்றோ என்னும் பொருளில் விடையளித்ததையும் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. ஆனால் மாணவருடைய கேள்வி கால் நின்ற இடத்தைப் பற்றியதன்று. காதில் விழுந்த சொல்லைப் பற்றியது. அந்தச் சொல்லால் கிறிஸ்தவர் எதைக் கருதுகின்றனர்? நாம் அதில் எதை மறுக்கிறோம்? இவ்விரண்டையும் அறியாமலேயே நம்மில் பலர் மறுத்துக்கொண்டிருக்கிறோம். இறைவனுக்கு மனைவியும் அவள் வழிப் பிள்ளையும் உண்டு என்பதே அவர்கள் கொள்கை என்று மேடையில் முழங்குவோரை நாம் கேட்டிருக்கிறோம். எந்தக் கிறிஸ்தவ சபையும் அப்படிச் சொல்வதில்லை. பிறர் சொல்லாததை மறுத்து வெல்வது வெற்றியாகாது.

கிறிஸ்தவ நம்பிக்கையில் தந்தை என்னும் சொல் இரண்டு தளங்களில் வழங்குகிறது. ஒன்று, ஈஸா (அலை) அவர்களுக்கு மட்டுமே உரியதாக அவர்கள் கொள்ளும் உறவு. கி.பி. 325இல் கூடிய நீசேயாப் பேரவை, குமாரர் படைக்கப்பட்டவரல்லர், பிதாவோடு ஒரே சாரமுடையவர் என்று முடிவு செய்தது. உடல்வழிப் பிறப்பு அங்கே கருதப்படவில்லை. காலத்துக்கு அப்பாற்பட்டதொரு தொடர்பையே அவர்கள் கருதுகின்றனர். மற்றொன்று, விசுவாசிகள் அனைவருக்கும் உரியதாக அவர்கள் நம்பும் உறவு. இது பிறப்பால் வருவதன்று, அருளால் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்படுவதால் வருவது என்று பவுல் தம் நிருபங்களில் விளக்குகிறார். துக்க வீட்டில் கேட்ட விளிப்பு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதற்கு அடித்தளம் முதல் வகையே என்பதையும் மறந்துவிடலாகாது. நமக்கும் அவர்களுக்குமிடையே உள்ள தீர்க்கமான வேற்றுமை முதல் வகையில்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரை பெரிதும் இரண்டாவதைப் பற்றியது.

தமிழ் மண்ணுக்கு இறைவனைத் தந்தையென அழைப்பது புதிதன்று. நம் ஊர்ப் பெயரையே தம் பெயராகக் கொண்ட காரைக்கால் அம்மையாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். தலையால் நடந்து கயிலை சேர்ந்தவரைச் சிவபெருமான் அம்மையே என்றழைக்க, அவர் அப்பா என்று விடை பகர்ந்ததாக அக்கதை கூறும். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் ஊரே கூடி நினைப்பது அந்த அம்மையாரைத்தான். ஆகவே கிறிஸ்தவர் பிதா என்னும்போது சைவ அண்டை வீட்டாரின் செவிக்கு அது இயல்பாகவே ஒலிக்கிறது. திடுக்கிடுவது நாம் மட்டுமே.

காரைக்காலுக்கு வடக்கே, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய தரங்கம்பாடியில் 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு வந்திறங்கினார். தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715க்குள் அங்கேயே அச்சிட்டு முடித்தார். இறைவனைத் தமிழில் எந்தப் பெயரால் அழைப்பது என்பது அக்காலத்தோருக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான சிறு வினாவிடை நூல் தம்பிரான் என்றது. பின்வந்தோர் சருவேசுரன் என்றனர். பெப்ரீசியஸ் பராபரன் என்றார். நம் குணங்குடி மஸ்தான் சாகிபு பராபரக்கண்ணி பாடியதை நினைவுகூர்ந்தால் அச்சொல் எத்தனை வாசல்களில் நுழைந்து வந்தது என்பது விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்த சபை மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் கடவுள் என்றது. இறைவனின் பெயர் இத்தனை முறை மாறியிருக்க, தந்தை என்னும் கருத்து மாறவில்லை. பிதா என்பது தந்தை ஆனதுதான் மாற்றம். முன்னாளில் தூய ஆவியை இஸ்பிரீத்து சாந்து என்று சொன்ன கத்தோலிக்கர் அச்சொல்லை எளிதில் விட்டுவிட்டனர், தந்தையை விடவில்லை. அவர்களது வழிபாட்டின் நடுநரம்பு எங்கே ஓடுகிறது என்பதை இதைக்கொண்டே அறியலாம்.

இங்கு ஒரு சிறு குறிப்பு. இறைவனைத் தந்தை என்னும் கிறிஸ்தவர் தமிழில் அவனை ‘அவர்’ என்றும் ‘நீர்’ என்றும் மரியாதைப் பன்மையில் குறிப்பர். அடியார் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாமோ ‘அவன்’ என்றும் ‘நீ’ என்றும் சொல்கிறோம். ஏகத்துவத்தில் பன்மையின் சாயலும் படியலாகாது என்பது நமது காரணம். எனினும், நெருக்கம் அவர்களுக்கு, தூரம் நமக்கு என்று பொதுவாகச் சொல்வோர் தமிழ் இலக்கணத்தையாவது ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஈஸா (அலை) அவர்கள் பேசிய அரமேய மொழியில் தந்தைக்குரிய விளி அப்பா என்பது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் மூன்று இடங்களில் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்திருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவரின் செவிக்கு அது தம் வீட்டுச் சொல்லாகவே கேட்கும். இது ஒலியால் நேர்ந்த ஒற்றுமையே. இதைக்கொண்டு மொழியுறவு பேசுவது ஆய்வாகாது. அப்பா என்பது குழந்தையின் மழலைச் சொல் என்று ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் எழுதியது பெரிதும் பரவிற்று. வளர்ந்த மக்களும் தம் தந்தையை அவ்வாறே அழைத்தனர் என்று 1988இல் ஜேம்ஸ் பார் அதைத் திருத்தினார். அரபு கற்றோர்க்கு இன்னொரு நுட்பமும் சுவையாயிருக்கும். அரபுக் கிறிஸ்தவர் மனிதத் தந்தையை அல்அப் என்பர். இறைவனைக் குறிக்கும்போது முதலெழுத்தை நீட்டி அல்ஆப் என்பர். சுர்யானி மொழியின் வழிவந்த இந்த நீட்டல் இரண்டு தந்தைமைகளையும் ஒரே எழுத்தில் பிரித்துவிடுகிறது. பெற்ற தந்தை போன்றவனல்லன் இறைவன் என்பதை அவர்களும் உணர்ந்தே இருந்தனர் என்பதற்கு அந்த மத்தாவே சான்று.

அச்சொல்லின் உட்பொருளை அறிய விரும்புவோர் லூக்கா சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் உள்ள கதையைப் படிக்கவேண்டும். இளைய மகன் தந்தை உயிரோடிருக்கும்போதே தன் பங்கைப் பிரித்துத் தரக் கேட்கிறான். (ஃபராயிள் கற்பிக்கும் நமக்கு அந்த இடத்திலேயே கதை தடுக்கிவிடும். மூரிஸ் மரணித்தால் அன்றி வாரிசுரிமை ஏது? கதை சொன்னவரும் அந்த அதிர்ச்சியை வேண்டியே வைத்தார் போலும்; நீங்கள் இறந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லாமல் சொல்கிறான் மகன்.) தந்தை கொடுக்கிறார். அவன் அயல்நாடு சென்று அனைத்தையும் அழித்து, பஞ்சத்தில் பன்றி மேய்த்து, ஒருநாள் புத்தி தெளிகிறான். மகன் என்று சொல்லத் தகுதியில்லை, கூலியாளாகவாவது சேர்த்துக்கொள்ளுமாறு கேட்போம் என்று சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான். அவன் இன்னும் தொலைவில் இருக்கும்போதே தந்தை கண்டுவிடுகிறார். ஓடிச் சென்று கட்டித் தழுவுகிறார். மகன் தயாரித்து வந்த பேச்சை முடிப்பதற்குள் புதிய ஆடையும் மோதிரமும் வந்துவிடுகின்றன. மரியாதைக்குரிய முதியவர் தெருவில் ஓடுவதா என்று கீழை நாட்டார் முகம் சுளிக்கும் இடம் அது. கிறிஸ்தவர் தந்தை என்னும்போது அவர்கள் மனக்கண்ணில் ஓடி வருபவர் இவரே.

இதைப் படிக்கும் ஹதீஸ் மாணவருக்கு இரண்டு நபிமொழிகள் உடனே நினைவுக்கு வந்தாகவேண்டும். ஒன்று ஹதீஸ் குத்ஸி. அடியான் ஒரு சாண் நெருங்கினால் தான் ஒரு முழம் நெருங்குவதாகவும், அவன் நடந்து வந்தால் தான் விரைந்து வருவதாகவும் இறைவன் கூறுகிறான். அங்கு வரும் ஹர்வலா என்னும் சொல் ஓட்டத்தை ஒத்த விரைவைக் குறிக்கும். இறைவனுக்கு உடலசைவைக் கற்பிக்காமல் இதற்குப் பொருள் கொள்வது எவ்வாறு என்பதை நம் உலமாக்கள் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். உருவகம் நம்மிடமும் உண்டு. அதைக் கையாளும் எச்சரிக்கையும் உண்டு.

மற்றொன்று, அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது. பாலைவனத்தில் உணவும் நீரும் சுமந்த ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டுச் சாவை எதிர்நோக்கிப் படுத்திருப்பவன், திடீரென அது தன் அருகில் நிற்கக் கண்டால் எவ்வளவு மகிழ்வானோ, அதைவிட அதிகமாக அடியானின் தவ்பாவால் இறைவன் மகிழ்கிறான். முஸ்லிமின் அறிவிப்பில் கூடுதலாக ஒரு செய்தி உண்டு. மகிழ்ச்சியின் மிகுதியால் அம்மனிதன் வாய் தவறி, நீ என் அடிமை, நான் உன் ரப்பு என்று இறைவனிடமே மாற்றிச் சொல்லிவிடுகிறான். அதைக் குற்றமாகக் கொள்ளாமல் மகிழ்ச்சியின் அளவாக மட்டுமே நபிமொழி எடுத்துரைக்கிறது. லூக்காவின் கதையில் தொலைந்தவன் மகன். இங்கு தொலைந்தது ஒட்டகம். அங்கு உறவு பேசுகிறது, இங்கு உயிர்த்தேவை பேசுகிறது. தேவையற்றவனாகிய இறைவன், தேவையின் உச்சத்தில் நிற்கும் ஒருவனின் மகிழ்ச்சியைத் தன் மகிழ்ச்சிக்கு உவமையாக்கிக்கொண்டான் என்பதை எத்தனை முறை ஓதிக்கொடுத்தாலும் நமக்கு வியப்பு அடங்குவதில்லை.

தாயின் உவமையும் நம்மிடம் உண்டு. கைதிகளிடையே தன் குழந்தையைத் தேடித் தவித்த பெண்ணைக் காட்டி, இவள் தன் பிள்ளையை நெருப்பில் எறிவாளா என்று அண்ணலார் கேட்டதும், இவளைவிட இறைவன் தன் அடியார்மீது இரக்கமுடையவன் என்றதும் உமர் (ரலி) வாயிலாக வந்துள்ளன. கருப்பையைக் குறிக்கும் ரஹிம் என்னும் பெயரை ரஹ்மான் என்னும் தன் பெயரிலிருந்தே இறைவன் பிரித்தெடுத்தான் என்பதும் நபிமொழியே. படைப்பினங்கள் யாவும் இறைவனின் குடும்பம் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கும் அறிவிப்பின் தொடர் மட்டும் பலவீனமானது. அதைச் சொல்வோர் அதையும் சேர்த்துச் சொல்வது நலம்.

இத்தனை நெருக்கத்தைப் பேசும் மரபு, தந்தை என்னும் பெயரை மட்டும் ஏன் விலக்கியது? மக்காவில் திருமறை இறங்கிய காலத்தில் வானவர்களை இறைவனின் புதல்வியர் என்று குறைஷியர் நம்பினர். இறைவனோடு வம்ச உறவு பேசுவது அங்கு வெறும் உவமையாக இருக்கவில்லை; சிலைகளாக நின்றது. இறைவனின் மக்கள் நாங்கள், அவனுடைய நேசர்கள் நாங்கள் என்று சிலர் உரிமை கொண்டாடியதையும் திருமறை எடுத்துக்காட்டி (5:18), அவ்வாறாயின் உங்கள் பாவங்களுக்காக அவன் உங்களைத் தண்டிப்பானேன், நீங்களும் அவன் படைத்த மனிதர்களே என்று மறுக்கிறது. கவனிக்கவேண்டும்: அங்கு மறுக்கப்படுவது இறைநேசம் அன்று. அதே அத்தியாயத்தின் 54ஆம் வசனம், இறைவன் நேசிக்கும், இறைவனை நேசிக்கும் ஒரு கூட்டத்தாரைப் பற்றிப் பேசுகிறது. பிறப்பால் கிடைத்த சலுகையாக நேசத்தை ஆக்கிக்கொள்வதே மறுக்கப்படுகிறது.

காழி பைளாவி (ரஹ்) அல்பகராவின் 117ஆம் வசன விளக்கத்தில் எழுதியிருப்பது நம் மாணவர்கள் ஆண்டுதோறும் ஓதிக் கடந்துவிடும் இடம். முந்தைய ஷரீஅத்துகளைச் சேர்ந்தோர் இறைவனே முதற்காரணன் என்னும் கருத்தில் அவனைத் தந்தை என அழைத்துவந்தனர். பின்னர் அறியாதோர் அதைப் பிறப்பித்தல் என்றே பொருள்கொண்டு நம்பலாயினர். ஆகவே சீர்கேட்டின் வழியை அடைக்கும்பொருட்டு அச்சொல் முற்றாக விலக்கப்பட்டது என்பது அவர் கூற்றின் சாரம். சைப்ரஸ் தீவிலிருந்து வந்த கிறிஸ்தவ மடலொன்றுக்கு மறுப்பெழுதிய இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களும் இதே கருத்தினரே. அவர்களுடைய வேத வழக்கில் தந்தை என்பது ரப்பு என்னும் பொருளிலும், மகன் என்பது வளர்க்கப்பட்டவன் என்னும் பொருளிலும் வழங்கியது என்கிறார். கடுமைக்குப் பெயர்பெற்ற அவர் பேனாவிலிருந்தே இது வந்தது என்பதை, அவர் பெயரைச் சொல்லிக் கடுமை காட்டுவோர் கருத்திற்கொள்வாராக.

தந்தையின் உவமையைத் திருமறை அடியோடு விலக்கவுமில்லை. ஹஜ்ஜின் கிரியைகளை முடித்தபின், உங்கள் தந்தையரை நினைவுகூர்வது போல, அதைவிடவும் அதிகமாக அல்லாஹ்வை நினைவுகூருமாறு கட்டளை வருகிறது (2:200). அறியாமைக்கால அரபியர் மினாவில் கூடித் தம் முன்னோரின் பெருமைகளைப் பேசியதையே இது சுட்டுகிறது என்பர் பெரும்பாலோர். தாபிஈயாகிய அதாஉ (ரஹ்) வேறு விளக்கம் தந்ததாக இப்னு கஸீர் எடுத்தெழுதுகிறார்: குழந்தை வாப்பா, உம்மா என்று ஓயாமல் அழைத்துக்கொண்டிருப்பதைப் போல நினைவுகூருங்கள் என்பது அது. தந்தை உவமையாக வந்தார். ‘அதைவிடவும் அதிகமாக’ என்னும் சொல் உவமையின் எல்லையைக் காட்டிற்று. பெயராக நிலைக்க அவரை விடவில்லை.

பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்படுதல் என்னும் கிறிஸ்தவக் கருத்துக்கும் நமக்கும் இடையே வேறொரு தடையும் உண்டு. பவுல் உரோமச் சட்டம் அறிந்த உலகில் எழுதினார். அங்கு தத்தெடுக்கப்பட்டவன் முழு வாரிசு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதற்குச் சுவிகாரம் என்னும் இந்து தர்மசாத்திரச் சொல்லை எடுத்தாண்டனர். அதுவும் முழு உரிமையைத் தருவது. இஸ்லாத்திலோ வளர்ப்பு மகனை அவனுடைய சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்கவேண்டும் (33:5). ஸைத் (ரலி) அவர்களை முஹம்மதின் மகன் என்றழைத்த வழக்கம் அத்துடன் நின்றது. அநாதையை அரவணைப்பது பெரும்புண்ணியம். வம்சத்தை மாற்றி எழுதுவது கூடாது. எனவே அவர்களுக்கு ஆறுதலின் உச்சமாக ஒலிக்கும் உருவகம் நம் செவிக்குச் சட்டச் சிக்கலாக ஒலிக்கிறது.

நமக்கு அருளப்பட்ட சொல் ரப்பு. அதைத் தமிழில் இரட்சகன், அதிபதி என்றெல்லாம் பெயர்த்து வைத்திருக்கிறோம். ராகிப் அல்இஸ்ஃபஹானி தம் முஃப்ரதாத்தில் அதன் வேர்ப்பொருளைத் தர்பியத் என்கிறார்: ஒன்றை நிலை நிலையாக வளர்த்து அதன் நிறைவை எய்தச் செய்தல். பாத்திஹாவில் நாள்தோறும் ஓதும் அச்சொல்லில் வளர்ப்பவனின் பொறுமை முழுவதும் அடங்கியிருக்கிறது. அதைக் கொண்டுவந்த நபி (ஸல்) அவர்களோ தந்தையின் முகம் காணாதவர். உம்மை அநாதையாகக் கண்டு அவன் புகலிடம் தரவில்லையா என்று இறைவன் அவர்களிடமே கேட்கிறான் (93:6). தந்தையை அறியாத ஒருவர் வளர்ப்பவனை அறிந்தார். நம் கடற்கரையில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. காரைக்கால், நாகூர் வீடுகளில் வாப்பா சபராளி; மலேசியாவிலோ வளைகுடாவிலோ பிரான்சிலோ இருப்பார். வந்து சேரும் பணத்தாலும் தொலைபேசிக் குரலாலும் மட்டுமே தந்தையை அறிந்த பிள்ளைகளுக்கு நாம் பாடம் நடத்துகிறோம். பூவுலகத் தந்தையை அளவுகோலாக்கி இறைவனை அளக்கலாகாது, தந்தைமை அனைத்தும் அவனிடமிருந்தே பெயர் பெறுகிறது என்று கிறிஸ்தவ அறிஞர்களும் சொல்வர். அப்பிள்ளைகளிடம் பேசும்போது அது அவர்களுக்கும் நமக்கும் பொதுவான எச்சரிக்கையாகிறது.

வேற்றுமை கூர்மையாவது அடிமை, பிள்ளை என்னும் இரண்டு சொற்களில். இனி நீ அடிமையல்ல, பிள்ளை என்பது பவுலின் வாதம். நம்மிடமோ அப்து என்பதே உயர்ந்த பட்டம். மிஃராஜைத் தொடங்கும் வசனம் அண்ணலாரை அப்து என்றே குறிக்கிறது (17:1). தொட்டிலில் பேசிய ஈஸா (அலை) அவர்களின் முதற்சொல், தாம் அல்லாஹ்வின் அடியார் என்பதே (19:30). இதை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கேட்பவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். காவிரிப் படுகையில் பண்ணையாள் முறை எத்தகையது என்பதை 1952இல் தஞ்சைக்கென்று தனிச்சட்டம் இயற்ற நேர்ந்ததிலிருந்தே அறியலாம். காரைக்கால் துறைமுகத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டனர். அந்தப் பரம்பரையில் வந்து, தேவாலயத்தில் முதன்முறையாகப் பிள்ளை என்றழைக்கப்பட்டவருக்கு அச்சொல் என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அல்லாஹ்வுக்கு மட்டும் அடிமையானவன் வேறெவர்க்கும் அடிமையல்லன் என்பது நமது விடை. உண்மையான விடைதான். அதை நம்புவதற்கு அவர் நம் வீட்டுத் திண்ணையிலும் வயல் வரப்பிலும் சான்று தேடுவார்; அங்கு நாம் எப்போதும் நல்ல சாட்சிகளாக இருந்ததில்லை.

சொற்களில் எச்சரிக்கை பேசும் நாம் நம் வாசலையும் பார்த்துக்கொள்ளவேண்டும். தெற்கே சில மைல் தொலைவில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களை ஆண்டவர் என்று அழைப்பதில் நமக்குக் கூச்சமில்லை. அது எஜமானர் என்னும் பொருளில் வழங்கும் மரியாதைச் சொல்லே என்று விளக்குகிறோம், ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆயின் சொல்லுக்குப் பின்னுள்ள கருத்தைக் கேட்டறியும் அந்தப் பொறுமை அண்டை வீட்டாரின் சொல்லுக்கும் உரியதன்றோ? வேதம் கொடுக்கப்பட்டோருடன் அழகிய முறையிலன்றி வாதிடலாகாது என்பது கட்டளை (29:46). எதை மறுக்கிறோம் என்று அறியாமல் வாதிடுவது அழகிய முறையாகாது.

அந்த மாணவரிடம் இவை அனைத்தையும் தெருவில் நின்று சொல்ல முடியவில்லை. இறைவனை அப்பெயரால் நாம் அழைப்பதில்லை, அழைக்கவும் கூடாது. அந்த அம்மையார் அழைத்தது யாரை என்பதை மட்டும் தெரிந்துகொள் என்று சொல்லி வந்தோம். பைளாவி வகுப்பில் 117ஆம் வசனத்தை எட்ட இன்னும் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் லூக்காவின் பதினைந்தாம் அதிகாரத்தைப் படித்துவிட்டு வருமாறு அவரிடம் கூறியிருக்கிறோம். காலஞ்சென்ற ஆசிரியரின் மகனிடமிருந்து ஒரு பிரதி வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார்.